முதலாளி தந்த லீவு

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் எனக்கு ஒரு பூங்கொத்தும் ஒரு கடித உறையும் தந்தார்கள். இருபது வருடம் ரயில்பெட்டி துடைத்ததற்கு. எங்கள் மேலாளர் நெஞ்சை நிமிர்த்தி என் பெயரை வாசித்தார்: "திருமதி தாவா மாலா." தவமலர் என்ற பெயர் இருபது வருடமாக என் சட்டையில் குத்தியிருக்கிறது. ஒருநாள் நின்று பார்த்திருந்தால் வாசிக்கப் பழகியிருக்கலாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்ய?

உறைக்குள் இரண்டு பேருக்கான பயணச்சீட்டு. இங்கே லூசேர்னில் ஏறினால் மலையைக் கடந்து, ஏரிகளைத் தொட்டுத் தொட்டு மொந்திரே வரைக்கும் போகலாம். கூரை வரைக்கும் கண்ணாடி வைத்த அந்த ரயில். ஒக்டோபர் முடிவதற்குள் போக வேண்டும்.

அந்தக் கண்ணாடிகளை எனக்குத் தெரியும். சுற்றுலாக்காரப் பிள்ளைகள் மூக்கை அழுத்திய அடையாளம், சொக்லேற் விரல், நாய் நக்கிய இடம், எல்லாம் துடைத்திருக்கிறேன். அதற்கு வெளியே இதுவரை நான் பார்த்தது தரிப்பிடத்தின் சாம்பல் நிறச் சுவர் ஒன்றுதான்.

இவரிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் வாசித்துவிட்டுச் சொல்கிறார்:

"ஏனப்பா, நீர் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிற ரெயின்தானே?"

"நிக்கிற ரெயினுக்கை கூட்டுமாறோட நிக்கிறதும், ஓடுற ரெயினுக்கை கதிரையில இருக்கிறதும் உங்களுக்கு ஒண்டோ?"

"பாப்பம்."

இந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு 'இல்லை' என்று மட்டும்தான் பொருள்.

செப்டெம்பர் 4

கிராசாவோடு தேநீர் இடைவேளையில் ஆலோசித்தேன். அவள் போர்த்துக்கல்காரி, என்னோடு ஒரே பெட்டியில் மறு பக்கத்திலிருந்து துடைத்து வருபவள். ஒக்டோபர் நடுவில் போ என்கிறாள். அப்போதுதான் மலைச்சரிவில் மரங்கள் மஞ்சளும் செம்பும் ஆகும், உச்சியில் புதுப் பனி விழும், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாமாம். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம். புதன்கிழமை நல்லது. இன்டர்லாக்கனில் ஓர் இரவு தங்கு, அடுத்த நாள் மொந்திரேக்குப் போ, அவசரப்படாதே.

எல்லாம் ஒரு தாளில் கீறிக்கொண்டு வந்தேன். சார்னென் ஏரி, லுங்கேர்ன் ஏரி, புரூனிக் கணவாய், பிறியன்ஸ் ஏரி. பிறியன்ஸ் ஏரியின் கரையோடு ரயில் நீண்ட நேரம் போகும். அதுதான் எனக்கு முக்கியம். இடது பக்கமா வலது பக்கமா ஏரி வரும் என்று கிராசாவுக்கும் எனக்கும் சண்டை.

இவரிடம், "ஒக்டோபர் பதினஞ்சு, புதன்கிழமை. மூண்டு நாள் லீவு கேளுங்கோ" என்றேன்.

"அது சீசன் நேரமப்பா. முதலாளி தரமாட்டார்."

ஒக்டோபர் நடுவில் என்ன சீசன்? இவர் சமைக்கிற இடம் ஏரிக்கரை உணவகம். வெயில் காலம் முடிந்தால் வெளியே போட்ட மேசைகளை உள்ளே எடுத்துவிடுவார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்ததே இவர்தான்.

செப்டெம்பர் 9

இன்றைக்குத் துணி துவைக்கும் முறை எங்களுடையது. இந்தக் கட்டடத்தில் ஒன்பது வீட்டுக்கும் ஒரு இயந்திரம், முறை தவறினால் கீழ் வீட்டுக்காரி கதவில் தாள் ஒட்டுவாள். இவருடைய வெள்ளைச் சமையல் சட்டைகளைத் தேடினால் ஒன்றும் இல்லை. போன தடவையும் இல்லை. கேட்டேன். இப்போது உணவகத்திலேயே துவைத்துக் கொடுக்கிறார்களாம்.

இவ்வளவு காலமும் அந்த எண்ணெய்க் கறையோடு நான் மல்லுக்கட்டினேன். இப்போதுதான் அந்த முதலாளிக்கு ஞானம் வந்ததாக்கும். நல்லது. முன்பே வந்திருக்கலாம்.

வேலைக்குப் போகும்போது கோவிலுக்குப் போகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகிறார். குசினிக்குள் வழுக்காதா என்றேன். புதுச் சட்டமாம்.

செப்டெம்பர் 13, சனி

ரொறன்ரோவிலிருந்து பவளம் மச்சாளின் அழைப்பு. இவரின் மூத்த அக்கா. அவவுக்கு யார் சொன்னதோ தெரியாது, எடுத்த எடுப்பிலேயே பயணக் கதை.

"என்ன தவமலர், இந்த நேரத்தில உல்லாசப் பயணமோ?"

"எந்த நேரத்தில மச்சாள்?"

மச்சாள் ஒருதரம் இருமினா. பிறகு, "குளிர் வரப்போற நேரம் எண்டு சொன்னனான். தம்பியின்ர மனநிலையையும் ஒருக்கா யோசியும் பிள்ளை."

இவரின் மனநிலைக்கு என்ன? என் மனநிலையை யாராவது யோசித்தார்களா? மச்சாள் போன கோடையில் கப்பலில் அலாஸ்கா போய் எங்களுக்குப் பனிமலைப் படம் படமாக அனுப்பினா. அப்போது குளிரவில்லையாக்கும். தண்ணீரில் அவ போனால் ஓய்வு, தண்டவாளத்தில் நான் போனால் உல்லாசம்!

செப்டெம்பர் 17

கேட்டாராம். முதலாளி யோசிக்கிறாராம். என்ன யோசிக்க இருக்கிறது?

செப்டெம்பர் 21, ஞாயிறு

கோவிலில் பொருளாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "விமலண்ணை வெள்ளிக்கிழமையளில வைக்கிற சாம்பாருக்கு இப்ப ஒரு கூட்டமே வருது அக்கா. பாவம், நல்ல மனுசன்" என்றா.

என் கணவரின் பெயர் விமலநாதன். உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை பகல் இவர் ஏரிக்கரையில் வெள்ளைக்காரருக்கு மீன் பொரித்துக்கொண்டு நிற்பவர். இவ வேறு யாரோ விமலனைச் சொல்கிறா. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பையில் திணித்தா. நான் என்ன, வாழைப்பழத்துக்கு வழியில்லாமல் இருக்கிறேனா? அந்தப் 'பாவம்' எதற்கு? வீடு வரும் வரைக்கும் பேருந்தில் அந்தச் சொல் காதுக்குள் நின்றது.

பழத்தை இவர் பார்த்தார். யார் தந்தது என்று கேட்கவில்லை.

செப்டெம்பர் 25

பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. மகள் நிலோஜா பிறந்த அன்று இதே முதலாளி இவருக்கு அரை நாள்தான் கொடுத்தார். தட்டுக் கழுவப் போன இடத்தில் மெல்ல மெல்ல அடுப்புக்கு வந்து, இன்று அந்த ஊரில் மீன் என்றால் இவர் கைப்பக்குவம். நத்தார், புதுவருடம், மகளின் பள்ளிக்கூட விழா, எல்லாம் அந்த அடுப்புக்கே போனது. மூன்று நாள் லீவு கேட்டால் யோசிக்கிறாராம்.

நாளைக்கு வேலை முடிந்ததும் நேரே போகிறேன். ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டியதைக் கிராசாவோடு பேசிப் பழகிவிட்டேன். மரியாதையாகத் தொடங்குவேன். மரியாதையாக முடியுமா என்பது அவர் பதிலில் இருக்கிறது.

செப்டெம்பர் 26, வெள்ளி

போனேன்.

நல்ல பாவாடையும் மழைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பேருந்தில் முழு வழியும் வசனத்தை உருப்போட்டுக்கொண்டு போனேன். 'மதிப்புக்குரிய ஐயா, என் கணவர் உங்களுக்குத் தன் இளமையைத் தந்தவர்.' கிராசா அதைக் கேட்டுக் கண் கலங்கினவள்.

உணவகத்தின் கண்ணாடி முழுக்க உள்பக்கத்திலிருந்து பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு வாகனம். இரண்டு பேர் கதிரைகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு நின்றார்கள். நான் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து, திரும்பவும் தெருமுனை வரைக்கும் நடந்து போய்ப் பெயர்ப்பலகை பார்த்தேன். அதே தெரு.

கதிரை தூக்கியவரிடம் முதலாளி எங்கே என்று கேட்டேன்.

"முதலாளியா? விற்றுவிட்டுப் போய்விட்டாரே அம்மா. யூலையிலேயே மூடிவிட்டார்கள். மேலே கீழே எல்லாம் குடியிருப்பு வரப்போகிறது."

"சமையல்காரர்கள்?"

அவர் தோளைக் குலுக்கினார். சாப்பிட வந்தீர்களா, பக்கத்துத் தெருவில் நல்ல பீட்சா கிடைக்கும் என்றார். பீட்சா!

ஏரிக்கரையில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தேன். தண்ணீர் இருந்தது, மலை இருந்தது, ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. உருப்போட்ட வசனம் மட்டும் வாய்க்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. யாருக்குச் சொல்ல?

வீட்டுக்கு வந்து சோறு காய்ச்சி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். இவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். பையைக் கதிரையில் வைத்தார். கை கழுவினார்.

"இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்றேன்.

"பேர்ச் மீன்தான். நல்ல சனம்."

அவர் சட்டையில் பெருங்காயமும் கற்பூரமும் மணத்தது.

வெடித்திருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்து, "குழம்பு நல்லாயிருக்கு" என்றார். அந்தக் குரலில் என்னவோ ஒன்று. நான் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுக் குசினிக்குள் போய்க் கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவினேன்.

செப்டெம்பர் 27, சனி

மகள் வந்தாள். பேர்ணில் வேலை செய்கிறாள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவாள். இவர் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள், என்னோடு சேர்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம் அம்மா" என்கிறாள்.

"என்ன ஓம்?"

"எனக்குத் தெரியும். அப்பாவுக்கு வேலை விண்ணப்பங்கள் எழுதிக் குடுக்கிறது நான்தான். ஐம்பத்தொன்பது வயசுக்காரரை ஒருத்தரும் கூப்பிடுறாங்கள் இல்லை. வீட்டில இருக்க ஏலாமல்தான் கோவில் குசினிக்குப் போறார். மற்ற நாளில நூலகத்தில இருக்கிறார்."

மகளுக்குத் தெரியும். ரொறன்ரோவுக்குத் தெரியும். பொருளாளரின் மனைவிக்குத் தெரிந்து வாழைப்பழமும் தந்துவிட்டா. அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், இந்த மனிதனின் சோற்றையும் துணியையும் பார்க்கிற எனக்கு மட்டும் தெரியாது! என்னை எதற்கு எல்லோரும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பொத்தி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

நிலோஜா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உண்மையாவே உங்களுக்குத் தெரியாதோ?"

என்ன கேள்வி இது? பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா? அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்க்கப் போனேன்.

போகும்போது, "அப்பாவிட்ட நான் சொல்லட்டோ, உங்களுக்குத் தெரியும் எண்டு?" என்றாள். "நீ என்னவும் செய். அவர் தன்ர வாயால சொல்லாமல் நான் ஒண்டும் கேட்கமாட்டன்" என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். கல்யாணம் கட்டின நாளிலிருந்து நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்கிறவள். இந்தத் தடவை அவர் வரட்டும்.

செப்டெம்பர் 30



இவர் வந்து குசினி வாசலில் நின்றார். "முதலாளி லீவு தந்திட்டாரப்பா. புதன், வியாழன், வெள்ளி. மூண்டு நாள்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வெங்காயம்.

"பெரிய மனசு" என்றேன்.

"ஓம். நல்ல மனுசன்தான்."

இல்லாத உணவகத்தின் இல்லாத முதலாளி, கையில் தினமும் லீவாகவே இருக்கிற மனிதனுக்கு மூன்று நாள் லீவு தந்திருக்கிறார்! நான் அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும்! ஒரு மாதமாக என்னை அந்த மூன்று நாளுக்குப் பிச்சை எடுக்க வைத்தாரே, அதற்கு என்ன பெயர்?

ஒக்டோபர் 5, ஞாயிறு

நிலோஜா அவரிடம் சொல்லிவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்றைக்கு அவர் என் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை, ஆனால் வீடு முழுக்கத் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓட்டினார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நாளைக்குக் காலை கோவில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு 'வேலைக்கு' வெளிக்கிடுவார், நானும் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுப்பேன். இந்த வயதில் இரண்டு பேரும் நாடகம் போடுகிறோம், பார்க்க ஒரு சனமும் இல்லை.

இன்டர்லாக்கனில் அறை பதிவாகிவிட்டது. ஜன்னலில் மலை தெரியும் என்று போட்டிருக்கிறது. இவருக்குக் கம்பளி உள்ளாடை, எனக்கு முழங்காலுக்குத் தைலம், இரண்டு பேருக்கும் குடை.

ஒக்டோபர் 10

ரயிலில் என்ன சாப்பிடுவது என்று அரை மணி நேரச் சண்டை. நான் பாணும் வெண்ணெயும் என்றேன், அவர் மீன் ரோல்ஸ் செய்கிறேன் என்றார். சுத்தமான கண்ணாடி ரயிலில் மீன் வாசமா, துடைக்கிறவளின் பாட்டை நினைத்துப் பாருங்கள் என்றேன். முடிவில் உருளைக்கிழங்கு ரோல்ஸ். முதலாளியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவரும்தான்.

ஒக்டோபர் 14

பெட்டி கட்டியாயிற்று. தனியாகப் போனால் என்ன என்று ஒருதரம் யோசித்தேன். ஏன் அவருடைய சட்டைகளை எடுத்து வெளியே வைக்கவில்லை என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 15, புதன். இன்டர்லாக்கன்

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். இவர் கீழே தேநீர் எடுக்கப் போயிருக்கிறார். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

ரயில் புறப்படும்போது எங்கள் பெட்டியைக் கிராசா துடைத்திருந்தாள். மேடையில் நின்று, நாங்கள் இருந்த கண்ணாடியை வெளியிலிருந்து இன்னொரு தடவை துடைத்துக் கை காட்டினாள். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

இவர் எனக்கு எதிரே விறைத்துப் போய் இருந்தார். சார்னெனில் ஒரு வெள்ளைத் தலைக் கிழவி ஏறி எங்கள் இருக்கைக்கு வந்தார். மடியில் ஒரு கூடை நிறையப் பேரிக்காய். மைரிங்கனில் இருக்கும் தங்கையிடம் போகிறாராம். கீஸ்வில் தாண்டியதும் ரயில் பல்லுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று மலை ஏறத் தொடங்கியது. கீழே லுங்கேர்ன் ஏரி. அந்தப் பச்சையை எந்தச் சேலைக் கடையிலும் நான் கண்டதில்லை. சுற்றிவர மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் கிழவி இவரைக் கேட்டார்:

"விடுமுறையா? நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"சமையல்காரன்" என்றார் இவர். பிறகு, மூச்சுக்கூட எடுக்காமல், நல்ல தெளிவான ஜெர்மனில், "ஆனால் யூலையிலிருந்து எனக்கு வேலை இல்லை. உணவகத்தை மூடிவிட்டார்கள். என் வயதுக்கு யாரும் எடுக்கிறார்கள் இல்லை" என்றார்.

கிழவி தலையை ஆட்டி, "ஆ, அது கஷ்டம்" என்று கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, "நன்றி" என்றார். அவ்வளவுதான். பெரிய காரியம் முடிந்துவிட்டது!

எனக்கு ஏரியும் மலையும் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மகளிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் எல்லோருக்கும் தெரியவிட்டு, என்னிடம் மட்டும் மறைத்து, இல்லாத முதலாளியைப் படைத்து, கடைசியில் பேர் ஊர் தெரியாத ஒரு கிழவிக்கு, ஒரு மலை ஏறி முடிவதற்குள், என் கண் முன்னாலேயே சொல்லிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புரூனிக் கணவாய் வந்தது, போனது. கிழவிக்கு என்ன விளங்கியதோ, தன் கூடைப் பேரிக்காய்களை எண்ணத் தொடங்கினார். மைரிங்கனில் இறங்கும்போது எனக்கும் ஒரு பேரிக்காய் தந்தார்.

அந்த நிலையத்தில் ரயில் வந்த பக்கமே திரும்பிப் போகும். முன்னுக்குப் பார்த்து வந்த நான் இப்போது பின்னுக்குப் பார்த்து இருந்தேன்.

"உமக்குத் தலை சுத்தும். இடம் மாறி இரும்" என்றார் இவர்.

"எனக்கு ஒண்டும் சுத்தாது."

ரயில் ஓடத் தொடங்கியது. அவர் எழும்பி வந்து எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். பேரிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார்.

"மலர்."

நான் திரும்பவில்லை.

"மலர், எனக்கு வேலை போட்டுது."

"தெரியும்."

"உமக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும். ஆனா நான் உமக்குச் சொல்லேல்லைத்தானே."

அப்போதுதான் திரும்பினேன். எவ்வளவு நாளாக அந்த முகத்தை நேரே பார்க்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. முகச்சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு.

"அந்த மனிசிக்குச் சொல்ல வாய் வந்தது, எனக்குச் சொல்ல வரேல்லையோ?" என்று கேட்டேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"அந்த மனிசி மைரிங்கனில இறங்கிப் போடும்" என்றார். "நீர் இறங்கமாட்டீர். பிறகு ஒவ்வொரு நாளும் உம்மட முகத்தில அதைப் பாக்க வேணுமெல்லே."

"எதை?"

நான் அவர் கையிலிருந்த பேரிக்காயை வாங்கி மேசையில் வைத்தேன்.

பிறகு சொன்னார். கடைசி நாள் முதலாளி எல்லோருக்கும் வைன் ஊற்றிக் கொடுத்ததையும், தான் தன் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிலக்கீழ் அறையில் ஒளித்ததையும். நூலகத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில் இவர் இருப்பதைக் கண்டு அங்கே வேலை செய்யும் பெண் 'பேராசிரியரே' என்று கூப்பிடத் தொடங்கியதையும். வேலைக்குக் கேட்டுப் போன ஓரிடத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், உங்களால் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று கேட்டதையும். அதைக் கேட்டபோது எனக்கு அடுத்த ரயிலில் திரும்பிப் போய் அந்தப் பையனைக் கேள்வி கேட்க வேண்டும் போல வந்தது. இடத்தின் பெயரைக் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தால் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் உங்கட முதலாளியோட சண்டை பிடிக்கப் போனனான்" என்றேன். "வசனமெல்லாம் பாடமாக்கிக்கொண்டு."

"என்ன வசனம்?"

சொன்னேன். ஜெர்மனிலேயே சொன்னேன். 'தன் இளமையைத் தந்தவர்' என்ற இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு கைக்குட்டையை எடுத்தார். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது, அவரிடம் இருந்தது ஒன்றுதான்.

ஒலிபெருக்கியில் இன்டர்லாக்கன் என்று சொன்னார்கள். எல்லோரும் எழும்பிப் பெட்டி எடுத்தார்கள். முன் இருக்கைக்காரர் தன் மனைவியிடம், இப்படி ஒரு நிறத்தில் தண்ணீரைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டு போனார்.

எந்தத் தண்ணீர்? பிறியன்ஸ் ஏரி முழுவதும், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நான் ஒரு சொட்டும் பார்க்கவில்லை. இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது. இந்த மனிதனை நான் ஒருநாளும் மன்னிக்கப் போவதில்லை.

இவர் தேநீரோடு வருகிறார், படியில் சத்தம் கேட்கிறது. சீனி போட மறந்திருப்பார்.